பிரான்மலைப் பாறையில் நிற்க மறுத்த கம்பு

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை 8.10 மணிக்கு, பிரான்மலையின் மேற்பாறை ஒன்றில் ஹாம் ரேடியோவின், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக இயக்கும் வானொலியின், ஆன்டெனாவைத் தாங்க 7.2 மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைத் தூண்டில் கம்பை நிமிர்த்தினேன். 10.40 மணிக்கு நானே கழற்றும் வரையில் அது நின்றது. இடையில் மலையை மேகம் மூடி இருபது நிமிடம் தூறல் விழுந்தது. காற்று இரண்டு முறை திசை மாறியது. அந்த இரண்டரை மணி நேரத்தில் 40 மீட்டர் அலைவரிசையில் (7 மெகா ஹெர்ட்ஸ்) 11 நிலையங்களோடும், கையடக்கக் கருவியில் 3 நிலையங்களோடும் பேசினேன். இதற்கு முன் ஆடியிலும் புரட்டாசியிலும் இதே மலைக்கு இதே வேலையாக ஏறி, முதல் முறை ஒருவரோடும் பேசாமலும், இரண்டாம் முறை இருவரோடு பேசிவிட்டுப் பயந்து ஓடியும் இறங்கினேன். மூன்று ஏற்றங்களிலும் என்ன செய்தேன், எது உடைந்தது, எவ்வளவு செலவு ஆனது என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன்.

வீட்டிலேயே ஹாம் ரேடியோ இயக்கலாமே, மலைக்கு ஏன் போக வேண்டும் என்று ஆத்தா கேட்பதற்குச் சுருக்கமான பதில், இரைச்சல் என்பதுதான். காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் வீட்டில் வளவுக்கு (நடு முற்றத்துக்கு) மேலே இரும்புக் கம்பி வலை, அடுத்த கட்டில் இன்வெர்ட்டர், தெரு முழுவதும் மலிவான எல்.இ.டி. விளக்குகள், மாலையில் 7 மெகா ஹெர்ட்ஸில் கேட்பது ஆற்றுமணலைத் தகரத்தில் கொட்டுவது போன்ற சத்தம் மட்டுமே. பிரான்மலை உச்சியில் அதே கருவியை இயக்கியபோது, ஹெட்போனின் இணைப்பு விட்டுவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். உயரமான இடம் என்பதால் சிற்றலையில் தூரம் கூடும் என்று முதலில் நான் எதிர்பார்த்தது தவறு. தாழ்வான கம்பியிலிருந்து 7 மெகா ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழச் செங்குத்தாக மேலே போய்த் திரும்பி 300, 400 கிலோமீட்டரில் இறங்குகிறது. அதற்குக் கம்மாய்க் கரையும் மலையுச்சியும் ஏறத்தாழ ஒன்றுதான். உயரத்தின் பயன் கையடக்கக் கருவியின் 2 மீட்டர் அலைவரிசையில்தான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மலையுச்சிகளிலிருந்து ஹாம் ரேடியோ இயக்குவதை ஒரு திட்டமாக 2002-இல் பிரிட்டனில் தொடங்கினார்கள். அதன் விதிப்படி ஓர் ஏற்றத்துக்குப் புள்ளி கிடைக்க நான்கு தொடர்புகளாவது வேண்டும். மோட்டார் வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது. புள்ளி எனக்குத் தேவையில்லை என்றாலும் அந்த நான்கு என்ற எண்ணை எனக்கு நானே இலக்காக வைத்துக்கொண்டேன். கருவி, ஐதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோ பிட்எக்ஸ், 10 வாட். உரிமத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையின் முன்னறையில் வைத்திருப்பேன். கம்பும் கம்பியுமாக மலையேறுபவனைப் பார்த்தால் யாருக்கும் கேள்வி வரும். கீழே கோயிலிலும் உச்சியில் தர்காவிலும் சொல்லிவிட்டு, இரண்டு இடத்துக்கும் தள்ளி, மேற்கே பார்த்த ஒரு பாறைத் தட்டைத் தேர்ந்துகொண்டேன். பாரியின் பறம்பு என்று சொல்லப்படுகிற, சுமார் 2,500 அடி உயரமுள்ள மலை அது. பையோடு ஏற எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

ஆடியில் எடுத்துச் சென்ற கம்பு மூங்கில். அலுமினியத் துறட்டி ஒன்று வீட்டில் இருந்தது. ஆனால் மலையுச்சியில் உலோகக் கம்பை நட்டு அதன் அருகில் உட்கார மனம் வரவில்லை. ஆகவே தலா 3 மீட்டர் மூங்கில் இரண்டை வாங்கி, நடுவில் இரண்டு அங்குல பி.வி.சி. குழாயை உறையாகப் போட்டு இணைத்தேன். மொட்டை மாடியில் நிறுத்திப் பார்த்தபோது கொடிமரம் போல நின்றது. அந்த இரண்டு துண்டுகளும் மலைப் பாதையில் எத்தனை முட்செடிகளில் மாட்டும் என்பதை மொட்டை மாடி சொல்லவில்லை. கூட வந்த அக்கா மகன் பாதி வழியில், "அம்மான், இதுக்குப் பேசாம காவடி எடுத்திருக்கலாம்" என்றான்.

ஆன்டெனா, நடுவில் கம்பும் இரு பக்கமும் சரிந்து இறங்கும் கம்பிகளுமாக உள்ள தலைகீழ் 'வி' டைபோல். 7.1 மெகா ஹெர்ட்ஸுக்கு 143-ஐ வகுத்தால் மொத்த நீளம் 20.14 மீட்டர்; ஒரு பக்கத்துக்கு 10.07 மீட்டர். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1 சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. கம்பியை அந்த அளவுக்கு வெட்டினேன். பிளாஸ்டிக் உறையுள்ள கம்பியில் அதிர்வெண் கீழே இறங்கும் என்பதைப் படித்திருந்தும் மறந்துவிட்டேன். மதுரையில் உள்ள மூத்த ஹாம் ஒருவர், அண்ணன் என்றே அவரை அழைப்பேன், இரவல் கொடுத்த நானோ வி.என்.ஏ. என்ற ஆன்டெனா அளக்கும் சிறு கருவியில் பார்த்தபோது ஒத்ததிர்வு (ஆன்டெனாவுக்கு இயல்பாகப் பொருந்தும் அதிர்வெண்) 6.85-இல் நின்றது. கணக்கு எளிது: 10.07-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 9.72. ஒவ்வொரு நுனியிலும் 35 சென்டிமீட்டரை வெட்டாமல் மடித்து முறுக்கிக் கட்டினேன். வெட்டாததற்குப் பின்னால் நன்றி சொல்லிக்கொண்டேன். கம்பின் உயரமும் கம்பி சரியும் கோணமும் மாறும்போதெல்லாம் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பாறைத் தட்டில் கம்பை நிறுத்தும்போதுதான் வீட்டில் யோசிக்காத ஒன்று எதிரே வந்தது. முளை அடிக்க அங்கே மண் இல்லை. நான் எடுத்துச் சென்ற ஆறு இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் சேர்த்து 1.8 கிலோ, அவற்றில் ஒன்றுகூடப் பாறையில் ஒரு விரற்கடை இறங்கவில்லை. பிளவுகளில் செருகிப் பார்த்தேன். செருகக்கூடிய பிளவு தேவையான இடத்தில் இல்லை. இழுகயிறுகளை உருண்டைக் கற்களில் சுற்றிக் கட்டினேன். கயிறு துணி காயப்போடும் நைலான். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். அம்மியை விடச் சிறிய கற்களை நம்பினேன். கம்பு முதல் முறை பத்து நிமிடத்தில் சாய்ந்தது. இரண்டாம் முறை, அதிகக் கற்களை அடுக்கிய பிறகு, அரை மணி நேரம் நின்றது. அதற்குள் பெங்களூருவிலிருந்து ஒருவர் அழைப்பதைக் கேட்டு மைக்கை எடுத்தேன், என் அழைப்புக்குறியின் கடைசி எழுத்தைச் சொல்வதற்கு முன் கம்பி என் தோளில் விழுந்தது. மூன்றாம் முறை பி.வி.சி. உறை வாயருகே பிளந்தது. மொத்தப் பை எடை 13.6 கிலோ, அதில் 7 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி மட்டும் 2.3 கிலோ. தொடர்புகள்: பூஜ்யம்.

இறங்கியதும் மூங்கிலைக் கைவிட்டேன். அது எரிச்சலில் எடுத்த முடிவு. யோசித்து எடுத்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். தூண்டில் கம்பு வாங்கும்போது கவனித்த ஒரே செய்தி, அது கண்ணாடியிழையாக இருக்க வேண்டும், கார்பன் இழையாக இருக்கக் கூடாது என்பது. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும், ஆன்டெனாவின் அருகில் அது இடைஞ்சல். 7.2 மீட்டர், எட்டுக் கண்ணிகள் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகள்), மடித்தால் 1.1 மீட்டர், எடை 900 கிராம், விலை 2,400 ரூபாய். நுனிக் கண்ணி சாட்டை போல வளையும் என்பதால் அதை உருவி வீட்டில் வைத்துவிட்டேன். மிச்ச உயரம் 6.3 மீட்டர்.

ஆனால் அந்தக் கம்பின் தலையில் பழைய கம்பியையும் ஆர்.ஜி. 58 கேபிளையும் தொங்கவிட்டபோது மீன் மாட்டிய தூண்டில் போலவே குனிந்தது. வீட்டுத் தராசில் நிறுத்தேன். இரண்டு கம்பிகளும் 290 கிராம், 8 மீட்டர் கேபிள் 320 கிராம், மைய இணைப்புப் பெட்டி 140 கிராம், முக்கால் கிலோ. அடுத்த வாரம் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும், 2.8 மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஆர்.ஜி. 174 கேபிளும் வாங்கினேன். மெல்லிய கேபிளில் இழப்பு அதிகம் என்று அண்ணன் எச்சரித்தார். 7 மெகா ஹெர்ட்ஸில் 8 மீட்டருக்கு, என் 10 வாட்டில் ஒன்றரை வாட் அளவுக்கு வழியிலேயே தொலையும். கம்பு நிமிர்ந்து நின்று எட்டரை வாட் போவதும், கம்பு விழுந்து பத்து வாட்டும் பாறைக்குள் போவதும் எது தேவலை என்று கேட்டேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

முளைக்கு மாற்று சந்தையில் கிடைத்தது. காய்கறி மூட்டைக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்த காலி சிமெண்ட் சாக்குகளைப் பார்த்தபோது தோன்றியதுதான். சாக்கை வெறுமையாகச் சுமந்து சென்றால் எடை இல்லை. மேலே கிடக்கும் கற்களை அதில் நிரப்பினால் 15 கிலோ, 20 கிலோ என்று வேண்டிய அளவுக்கு முளை கிடைக்கிறது. போகும்போது கற்களை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடலாம். சாக்கின் வாயைச் சுருக்கிக் கட்டிய கழுத்தில் இழுகயிற்றை முடிய வேண்டும். ஒரே ஒரு கவனம், கயிறு சாக்கை மேலே தூக்காமல் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அதற்குக் கம்பின் அடியிலிருந்து சாக்கு குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், கயிறு கம்பில் 4 மீட்டர் உயரத்துக்கு மேலே போகக் கூடாது. கம்பின் அடி பாறையில் வழுக்காமலிருக்கப் பழைய சைக்கிள் டயரில் ஒரு கையளவு துண்டு; அதன் மேல் கம்பை நிறுத்தி, அருகில் உள்ள பாறை முனையோடு சைக்கிள் டியூப் கீற்றுகளால் இறுகச் சுற்றினேன். டியூப் கீற்று கொடுக்கிற பிடியை எந்த விலையுயர்ந்த கிளாம்பும் எனக்குக் கொடுத்ததில்லை.

புரட்டாசியில் கம்பு நின்றது. விழுந்தது வேறு.

அன்று காலையில் கிளம்பத் தாமதமாகி, உச்சிக்குப் போகும்போது மணி பன்னிரண்டு. இதுவே முதல் தவறு. புரட்டாசி மாதத்தில் எங்கள் பக்கத்து மழை பகல் இரண்டு மணிக்கு மேல் மேற்கே, நத்தம், சிறுமலைப் பக்கம் திரண்டு, மாலையில் கிழக்கே நகர்ந்து வருவது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 12.50-க்கு இயக்கத் தொடங்கி, சென்னையில் ஒருவரோடும் கொச்சியில் ஒருவரோடும் பேசினேன். பிறகு வெடிப்புச் சத்தங்கள் தொடங்கின. என் பெட்டியில், வரும் ஒலியைத் தானே மட்டுப்படுத்தும் ஏ.ஜி.சி. சுற்று இல்லை, ஒவ்வொரு வெடிப்பும் செவியில் அறைந்தது. முதலில் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று. நான் செய்தது, ஒலியைக் குறைத்தது. ஒன்றே முக்கால் மணிக்கு அவை ஐந்து விநாடிக்கு ஒன்றாகிவிட்டன. கொடைக்கானலில் மின்னுகிறது போலும் என்று அக்கா மகனிடம் சொன்னேன். தலைக்கு மேலே நல்ல நீலம்.

பாறைத் தட்டுக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் ஆடுகளைத் திருப்பிக்கொண்டே எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி, மேக்கால கருக்கிருச்சு. நா எறங்குறேன், நீங்களும் எறங்கிருங்க." இன்னும் இரண்டு தொடர்பு வேண்டும் என்பதால் நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஐந்து நிமிடத்தில் வெடிப்புகளுக்கு அடியில் ஒரு சீறல் எழுந்து, குறையாமல் ஏறிக்கொண்டே போய், கேட்ட நிலையங்களையெல்லாம் மூடியது. மழைத்துளி ஒன்றுகூட விழவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிப் பாறையில் போட்டேன். சீறல் நின்றது.

அக்கா மகன்தான் அதைப் பார்த்தான். "அம்மான், கம்பி பேசுது." பாறையில் கிடந்த கேபிளின் இணைப்பு முனையில், நடு ஊசிக்கும் வெளிச் சுற்றுக்கும் இடையே, சின்னதாக, நீலமாக ஒரு பொறி. டிக். பிறகு மறுபடி டிக். விநாடிக்கு ஒன்று என்று எண்ணும் அளவுக்கு ஒழுங்காக, சுவர்க் கடிகாரம் போல. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நான் கையை நீட்டவில்லை என்பது மட்டுமே அன்று நான் சரியாகச் செய்த காரியம். மேற்கே திரும்பிப் பார்த்தால் சிறுமலை இருந்த இடத்தில் மலை இல்லை, கருஞ்சுவர். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினேன்: 18 விநாடி. ஒலிக்கு ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 3 விநாடி. ஆக 6 கிலோமீட்டர். 30 விநாடிக்குக் கீழே வந்தாலே திறந்த உச்சியில் இருக்கக் கூடாது. கம்பு, கம்பி, சாக்கு எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுக் கருவியையும் பேட்டரியையும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். பாதிப் படியில் மழை பிடித்தது.

மறுநாள் காலை ஏறிப் பார்த்தபோது கம்பு சாய்ந்திருந்தது, விழவில்லை. சாக்குகள் நகரவில்லை, நைலான் கயிறு நனைந்து நெகிழ்ந்து தொய்ந்திருந்தது. அதோடு, கம்பின் மேல் மூன்று கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கி, கம்பு ஒரு மீட்டர் குட்டையாகியிருந்தது. நானோ வி.என்.ஏ.-வை இணைத்தால் முந்தைய நாள் 1.3-ஆக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர். (கருவிக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் எண்; 1 என்றால் முழுப் பொருத்தம்) 3.8. கம்பைக் கழற்றி மையப் பெட்டியைத் திறந்தேன். சாதாரண மின்சார ஜங்ஷன் பாக்ஸ்தான், எல்லா ஓட்டைகளையும் எம்-சீல் வைத்து அடைத்திருந்தேன். உள்ளே இரண்டு கரண்டித் தண்ணீர். மழை எங்கேயோ மயிரிழை இடைவெளியில் நுழைந்திருக்கிறது. வெளியேற வழி விடாமல் நானே அடைத்திருக்கிறேன். கேபிளின் பின்னல் உறை திரி போலத் தண்ணீரை உறிஞ்சி, முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குப் பச்சை பூக்கத் தொடங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்து கருவியை இயக்கினால் செவிடு. அனுப்புவது சரியாக இருந்தது. கேட்பது மட்டும் போய்விட்டது. மின்னல் எங்கள் மேல் விழவில்லை, அருகிலும் விழவில்லை. அந்தச் சீறல் கேட்ட நேரத்தில் கம்பியில் ஏறிய நிலைமின்னே போதுமானதாக இருந்திருக்கிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது முதல் மிக்ஸரில் (அலைகளைக் கலக்கும் சுற்றில்) உள்ள டையோடுகளில் ஒன்று இரு திசையிலும் கடத்தியது. அரிசியில் பாதி அளவு கூட இல்லாத அதைக் கழற்ற என் கையும் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. காரைக்குடியில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஒருவர் வெப்பக் காற்றை வைத்து நாலு நிமிடத்தில் மாற்றினார். கூலியும் பொருளும் சேர்த்து 150 ரூபாய்.

பழுது பார்த்ததோடு நான்கு மாற்றங்களைச் செய்தேன். மையப் பெட்டியில், டைபோலின் இரு கால்களுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம், 2 வாட் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தேன். அதைப் போலவே இன்னொன்றை ஒவ்வொரு காலிலிருந்தும் பாறைக்குப் போகும் தனிக் கம்பியில் இணைக்கலாமா என்று யோசித்து, காய்ந்த பாறை எங்கே மின்சாரத்தை வாங்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். மெல்ல ஏறும் நிலைமின்னை அந்த மின்தடை கேபிளுக்குள்ளேயே சமன் செய்து கரைத்துவிடும். இடியைத் தாங்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெட்டியை ஓட்டைகள் கீழே பார்க்கும்படி திருப்பி, அடியில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைத் துணிந்து போட்டேன். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு முறை கீழே தொங்கி மேலே ஏறும்படி வளைத்துக் கட்டினேன். துளிகள் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நைலானை விட்டு, தண்ணீர் குடிக்காத பாலிபுரோப்பிலீன் கயிற்றுக்கு மாறினேன். இவை தவிர, கம்பின் ஒவ்வொரு கண்ணி இணைப்பிலும் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. இது எல்லோரும் செய்வது, நான் மட்டும் சோம்பலால் விட்டிருந்தேன்.

பேட்டரியையும் மாற்றினேன். 32700 அளவுள்ள 3.2 வோல்ட், 6 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் நான்கை வரிசையில் இணைத்து, பாதுகாப்புச் சுற்றுப் பலகையும் சேர்த்து, ஆத்தாவிடம் ஒரு காலி ஹார்லிக்ஸ் டப்பாவை வாங்கி அதில் அடக்கினேன். எடை 690 கிராம். ஈய அமில பேட்டரியைச் சுமந்த தோள் அதை முதலில் நம்பவில்லை. கம்பி சுற்றுவதற்குப் பிளாஸ்டிக் சட்டம் வாங்காமல் அட்டையில் சுற்றிப் பார்த்தேன், நனைந்து கிழிந்தது. இப்போது ஆயா முடைந்த பழைய பனையோலைக் கொட்டான் ஒன்றில் எட்டு வடிவில் இட்டு வைக்கிறேன். சிக்கல் விழுவதே இல்லை. ஆயா அதில் முறுக்கு வைத்திருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு குறை இல்லை.

தையில் 5.15-க்கே படியேறத் தொடங்கினோம். பை 8.4 கிலோ. பாறையில் பனி படிந்து வழுக்கியதால் மேலே சேர 7.40 ஆனது. கற்களைச் சாக்கில் நிரப்ப இருவருக்கும் பத்து நிமிடம், கம்பை நிமிர்த்தி மூன்று கயிறுகளையும் இழுத்துக் கட்டப் பதினைந்து நிமிடம், கம்பியின் இரு நுனிகளையும் தலா 8.3 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கட்ட ஐந்து நிமிடம். நானோ வி.என்.ஏ. 7.11 மெகா ஹெர்ட்ஸில் 1.3 காட்டியது. 8.22-க்கு பெங்களூரு நிலையம் ஒன்று பதில் கொடுத்தது. ஆடியில் என் தோளில் கம்பி விழுந்தபோது அழைத்தவரா என்று கேட்க ஆசைதான், கேட்கவில்லை. தொடர்ந்து சென்னை, கோயம்புத்தூர், ஐதராபாத், கொச்சி. ஆறாவதாகக் கொழும்பு, 4 எஸ் 7 என்று தொடங்கும் குறி. எனக்கு 5-7 (தெளிவுக்கு 5, வலுவுக்கு 7) கொடுத்தார், குரல் கடைசி வரையில் மங்கவில்லை.

9.25-க்கு மேகம் வந்தது. கீழேயிருந்து ஏறி வந்தது என்பதே சரி. கோயில் குளம் மறைந்தது, பாதை மறைந்தது, பிறகு கம்பின் நுனி மறைந்தது. தூறல். பழைய பயத்தில் முதலில் செய்தது, ஒலியைக் கூட்டி, அலைவரிசையில் யாரும் பேசாத இடத்துக்கு மாற்றிக் கேட்டது. ஒரு நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. வெடிப்பு ஒன்றுகூட இல்லை, சீறலும் இல்லை. புரட்டாசிக்குப் பிறகு இதை வழக்கமாக்கிக்கொண்டேன்: கால் மணிக்கு ஒரு முறை, காலி இடத்தில் ஒரு நிமிடம் காது கொடுத்து வெடிப்புகளை எண்ணி நோட்டில் குறிக்கிறேன். எண்ணிக்கை ஒரு கால் மணிக்கும் அடுத்ததற்கும் இடையே இரட்டித்தால் கேபிளைக் கழற்றி, கம்பை இறக்கிவிட வேண்டும், எத்தனை தொடர்பு பாக்கி இருந்தாலும். கண்ணுக்கு நீலமாக இருக்கும் வானத்தைப் பற்றி அந்தப் பெட்டிக்கு என்னை விட முன்னமே தெரிந்திருந்தது. நான்தான் ஒலியைக் குறைத்து வாயை அடைத்தேன்.

தூறலில் ஒத்ததிர்வு 7.11-இலிருந்து 7.06-க்கு இறங்கியது, கம்பியின் உறையில் தண்ணீர் படிந்தால் இப்படி ஆகும். 7.1-இல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-ஐத் தாண்டவில்லை, ஆகவே நுனியைத் தொடவில்லை. இன்னும் ஐந்து பேரிடம் பேசினேன். மையப் பெட்டியின் துளையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவதை அக்கா மகன் எனக்குக் காட்டினான். இத்தனை நாளில் ஓட்டை போட்டதற்காக மகிழ்ந்தது அப்போதுதான். பதிவேட்டில் மட்டும் ஒரு சறுக்கல்: ஜெல் பேனாவால் எழுதிய முதல் பக்கம் நீலக் கறையாகிவிட்டது, மீதியைப் பென்சிலால் எழுதினேன். கொண்டுவிற்கப் போன இடத்திலெல்லாம் பேரேட்டை நனையாமல் கட்டிக் கொண்டுவந்த குடும்பத்தில் பிறந்தவன் இதைச் சொல்வதே வெட்கம்.

கம்பைக் கழற்றுவதற்கு முன் 2 மீட்டர் அலைவரிசையை முயன்றேன். மாடியில் தூர்தர்ஷன் காலத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்த 300 ஓம் தட்டை வயரை 1.41 மீட்டருக்கு வெட்டி, அடியிலிருந்து 43 சென்டிமீட்டரில் ஒரு பக்கக் கம்பியை மட்டும் நறுக்கி, அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் மேலே கேபிளைப் பற்றவைத்துச் செய்த ஜே-போல் என்ற ஆன்டெனா அதற்கு. தூண்டில் கம்பில் கட்டித் தூக்கியதும் 5 வாட் கையடக்கக் கருவியில் மதுரை, திண்டுக்கல், திருச்சி மூன்றும் நேரடியாக, இடையில் ரிப்பீட்டர் (வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) இல்லாமல் கிடைத்தன. நேர்க்கோட்டில் 50 முதல் 70 கிலோமீட்டர் வரை. சமவெளியிலிருந்து 600 மீட்டர் உயரம் என்று வைத்தால் ரேடியோ அலைக்கு அடிவானமே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில்; இந்த உயரத்தின் பயனை இதில்தான் கண்டேன். மதுரையிலிருந்து பேசியவர் அண்ணன். "கேபிள்ல போன ஒன்றரை வாட்ட திருப்பி வாங்கிட்டியா?" என்றார்.

மூன்று ஏற்றங்களுக்கும் சேர்த்து ஐந்தொகை போட்டுப் பார்த்தேன். தூண்டில் கம்பு 2,400, செல்கள் நான்கு 1,480, பாதுகாப்புப் பலகை 260, மெல்லிய கேபிள் 450, கம்பி 420, கேபிளில் போட்ட ஃபெரைட் வளையம் 380, இணைப்பு முனைகள் 300, கயிறு 180, டையோடு 150, வீணான மூங்கிலும் குழாயும் 540. மொத்தம் 6,560 ரூபாய், கருவி நீங்கலாக. சாக்கு, டயர், டியூப், கொட்டான், தட்டை வயர் எல்லாம் இனாம்.

அடுத்த முறைக்கு மாற்ற வேண்டியவை இரண்டு இருக்கின்றன. இரண்டரை மணி நேர இயக்கத்தில் செலவானது 1.3 ஆம்பியர் மணிதான். 6 ஆம்பியர் மணி பேட்டரியைச் சுமப்பது பழைய பயத்தின் மிச்சம், பாதி அளவில் இன்னொன்று கட்டப்போகிறேன். இரண்டாவது, அந்தத் தட்டை வயர் ஜே-போல். இறக்கும்போது மறுபடி தூறல் பிடித்ததும் அதன் எஸ்.டபிள்யூ.ஆர். 1.4-இலிருந்து 2.6-க்குப் போனது; நனைந்தால் இந்த வயர் இப்படித்தான் இடம் மாறும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய்க்குள் வைத்து இரு முனையையும் மூடி, அடியில் துளை போட்டு, குழாய்க்குள் இருக்கும்போது மறுபடி அளந்து வெட்ட வேண்டும். குழாயை ஒன்றரை மீட்டருக்கு அறுத்து வளவில் சாய்த்து வைத்திருக்கிறேன். இரண்டு நாளாக அதில் ஈரத் துண்டு காய்கிறது.